மாநிறக் கைக்கு எந்த மை? ஊருக்குப் போய் ஏழு புள்ளி குத்திக்கொண்ட கதை

இந்த முறை ஐந்து வார லீவில் ஊருக்குப் போனபோது, ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுவந்த டாட்டூவை முடித்துவிடலாம் என்று இருந்தேன். முன்கையில் ஒரு மீன்கொத்தி: நீல முதுகு, ஆரஞ்சு வயிறு, வெள்ளைத் தொண்டை. நான் மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு. முதலில் போன இடத்தில் கையை அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "உங்க கலருக்குக் கருப்பு மட்டும்தான் சார் எடுக்கும்" என்றார்கள். சின்னதாக ஒரு புள்ளி வைத்துப் பார்க்கலாமே என்றதற்கு, அதெல்லாம் வேண்டாம் என்று பதில். கிளம்பிவிட்டேன்.

இரண்டாவதாகப் போன இடத்தில் ஒரு பெண். அவர் முதலில் கேட்டதே, பழைய காயம் எதுவும் தடித்து மேடாகியிருக்கிறதா என்றுதான், ஏனென்றால் கறுத்த தோலில் கீலாய்டு தழும்பு வரும் வாய்ப்பு அதிகமாம். அப்புறம் விளக்கினார். மை தங்குவது மேல்தோலில் இல்லை, அதற்குக் கீழே, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில். நமக்கு நிறம் கொடுக்கும் மெலனின் அதற்கு மேலே இருக்கிறது. ஆக எந்த மையையும் ஒரு பழுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறோம், கண்ணாடி எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவுக்கு வெளிர் நிறங்கள் அமுங்கிப்போகும். (கருப்பு மை தோலுக்குள் போனதும் நீலப்பச்சையாகத் தெரிவதும் தோலின் வேலைதான், ஆனால் அது தோலுக்குள் ஒளி சிதறுவதால். நாம் சும்மாவா பச்சை குத்துவது என்கிறோம்!)

முன்கையில் ஓரமாக, ஏழு நிறத்தில் ஏழு புள்ளி வைத்தார். முதல் வாரம் ஏழும் ஜோராக இருந்தன, அதை நம்பவே கூடாது. பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் மூடி நாலு வாரம் ஆனபிறகு பார்த்தால் வெள்ளை பழைய தழும்பு மாதிரி, மஞ்சள் ஏதோ கறை மாதிரி, இளநீலம் சாம்பல். ஆனால் அடர்நீலமும் கரும்பச்சையும் கச்சிதம். நான் நம்பாத ஆரஞ்சு கொஞ்சம் செங்கல் பக்கம் சாய்ந்து அழகாகவே நின்றது. சிவப்பும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மற்ற நிறங்களைவிட அலர்ஜி அதிகம் கிளப்புவது அதுதான் என்பதால், அந்தப் புள்ளி அரிக்கிறதா என்று தினமும் கவனிக்கச் சொல்லியிருந்தார். அரிக்கவில்லை.

வெள்ளைத் தொண்டைக்கு மையே வேண்டாம், சுற்றிக் கருப்பால் நிழல் கொடுத்துத் தோலை அப்படியே விட்டால் அதுவே வெளிச்சமாகத் தெரியும் என்றார், எனக்குப் பிடித்துப்போனது. கோடுகளையும் நெருக்காமல் இடம் விட்டுப் போட்டார், வருஷம் போகப்போக மை கொஞ்சம் பரவுமாம். ஆல்பம் காட்டினால், குத்திய அன்றைக்கு எடுத்த படத்தை விட்டுவிட்டு, ஆறிப்போன, நம் நிறத்துக் கையின் படமாகக் கேளுங்கள்.

கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் கருப்பு வேலை மட்டும் முடிந்தது. வண்ணம் அடுத்த பயணத்தில். ஐந்து வார வெயிலில் கை நன்றாகக் கறுத்திருந்தது, இங்கே வந்து குளிர்காலத்தில் முழுக்கை சட்டைக்குள்ளேயே கிடந்து ஒரு படி வெளுத்துவிட்டது. இப்போது அந்த ஆரஞ்சுப் புள்ளி ஊரில் பார்த்ததைவிடப் பளிச்சென்று இருக்கிறது. மஞ்சள் மட்டும் இன்னும் கறைதான்.