ஆர்டர் பண்ணாத பார்சலுக்குக் காசு கொடுக்காதீர்கள்: மதுரைக்காரர்கள் கவனத்துக்கு

வீட்டில் வயசானவர்களை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற எல்லோரும் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். நாம் ஆர்டரே பண்ணாத ஒன்றை, நம் பேர், நம் முகவரி, நம் போன் நம்பர் எல்லாம் சரியாகப் போட்டு கேஷ் ஆன் டெலிவரியில் அனுப்பி, நாம் இல்லாத நேரத்தில் வீட்டில் இருக்கிறவர்களிடம் காசை வாங்கிக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் நடந்தது. எங்கள் வளவிலேயே இன்னொரு வீட்டிலும் நடந்திருக்கிறது, 'போனது போகட்டும்' என்று அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் விடுகிறதை நம்பித்தான் இந்தப் பிழைப்பே ஓடுகிறது.

நாங்கள் இருப்பது வில்லாபுரம் பக்கம் ஒரு வளவு வீடு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அம்மா படுத்திருந்த நேரம், கேட்டில் நின்று ஒரு பையன் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். "பார்சல்ங்கம்மா, 799 ரூவா." அம்மா உடனே எனக்குப் போன் அடித்திருக்கிறார்கள். நான் வேலை பார்க்கிற இடத்தில் போனை வெளியே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகணும், அதனால் எடுக்க வழியில்லை. "திருப்பி அனுப்பிட்டா அப்புறம் அண்ணன் உங்களத்தான் சத்தம் போடுவாரு, எனக்கு இன்னும் நிறைய வீடு கெடக்கும்மா" என்று அவன் அவசரப்படுத்த, சீட்டுக்கு எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து அம்மா கொடுத்துவிட்டார்கள். மகன் பேர் சரி, போன் நம்பர் சரி, கதவு எண் சரி. யாராக இருந்தாலும் கொடுத்திருப்பார்கள், அம்மாவை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் வந்து பிரித்தேன். கருப்பு பாலிதீன் கவர், சுற்றிச் சுற்றி டேப். உள்ளே கசங்கிய இந்திப் பேப்பர், அதற்குள் கண்ணுக்கு முன்னால் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி ஒரு துணி, ஓரம்கூட அடிக்கவில்லை, கர்ச்சீப் என்று சொல்ல முடியாது. பில் கிடையாது. லேபிளில் பொருள் என்ன என்கிற இடத்தில் 'ஆக்சஸரீஸ்' என்று மட்டும். அனுப்பியவர் இடத்தில் ஏதோ எண்டர்பிரைசஸ், தெரு இல்லை, கட்டட எண் இல்லை, ஒரு பின்கோடு மட்டும். அந்தப் பின்கோடு 1-ல் ஆரம்பித்தது. 1972-ல் பின்கோடு வந்த நாளிலிருந்து முதல் எண் மண்டலத்தைத்தான் குறிக்கும், தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் 6, நம் மதுரை 625. 1 என்றால் டெல்லி, அரியானா, பஞ்சாப் பக்கம். லேபிளில் இருந்த போன் நம்பர் அன்றைக்கும் ஸ்விட்ச் ஆஃப், இன்றைக்கும் ஸ்விட்ச் ஆஃப்.

என் முகவரிக்குக் கீழே 'நீலக் கேட்' என்று அடையாளம் போட்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் கேட் இப்போது பழுப்பு. போன பொங்கலுக்கு வீட்டுக்காரர் பெயிண்ட் அடித்துவிட்டார். நீலக் கேட் என்று நான் அடையாளம் எழுதிக் கொடுத்தது ஒரே ஓர் இடத்தில்தான், ரீல்ஸ் நடுவே வந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு டி ஷர்ட் வாங்கியபோது. அந்த டி ஷர்ட் ஒழுங்காகத்தான் வந்தது. ஆனால் அங்கே கொடுத்த பேரும் நம்பரும் முகவரியும் அப்படியே கை மாறி இவர்களிடம் வந்திருக்கிறது. ஆகவே லேபிளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதால் அது நாம் கேட்ட பார்சல் ஆகிவிடாது. இதை உங்கள் அம்மா அப்பாவிடம் உட்கார்ந்து சொல்லுங்கள், போனில் சொன்னால் பதியாது.

மறுநாள் அந்த கூரியர் ஆபீஸுக்குப் போனேன். "நாங்க கொண்டாந்து குடுக்குறதோட சரிண்ணே, அனுப்புனவங்கள்ட்ட கேளுங்க" என்றார்கள். அனுப்பியவருக்கு முகவரியே இல்லையே, அப்படிப்பட்ட ஆளிடம் எப்படிச் சரக்கு வாங்கினீர்கள் என்று கேட்டால், "அது எங்க கையில இல்ல, மேல ஆபீஸ்ல புக் ஆகுறது" என்கிறார்கள். ஆனால் ஒன்று, அவர்கள் வாய்தவறிச் சொன்னதில் உபயோகமான விஷயம் இருந்தது. கேஷ் ஆன் டெலிவரி பணம் அன்றைக்கே அனுப்பியவன் கைக்குப் போவதில்லை. கூரியர் கம்பெனியிடம் சேர்ந்து, சில நாள் கழித்துத்தான் மொத்தமாகக் கணக்குப் பார்த்து அவனுக்குப் போகும். அப்படியென்றால் உடனே பார்சல் நம்பரைப் போட்டு 'இது மோசடி, இந்தப் பணத்தை விடுவிக்காதீர்கள்' என்று எழுத்தில் கொடுத்தால் நிறுத்தி வைக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவே மனசில்லை, நகலில் சீல் போட்டுத் தரும் வரைக்கும் நான் நகரவில்லை. இதுவரை பணம் வரவில்லை, சரியான பதிலும் இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்திருக்கிறேன், தமிழிலேயே பேசலாம். நம் பக்கம் சட்டம் இல்லாமல் இல்லை. 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி ஆன்லைனில் விற்கிறவர் தன் பேர், முகவரி, புகாருக்கான அதிகாரி விவரம் எல்லாம் காட்டியாக வேண்டும், அந்த அதிகாரி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றாலும், பொருளின் விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், டெல்லிக்கு அலைய வேண்டாம். 799 ரூபாய்க்கு யார் இவ்வளவு மெனக்கெடுவார் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தத் தொகையையே வைக்கிறார்கள். பத்தாயிரம் என்றால் அம்மா கொடுத்திருக்கவே மாட்டார்கள்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது, அது இதைவிட மோசம். நான் இல்லாதபோது அப்பா, பாவம், பணத்தை எப்படியாவது வாங்கிவிடலாம் என்று இணையத்தில் அந்த கூரியரின் கஸ்டமர் கேர் நம்பரைத் தேடி, முதலில் வந்ததற்கு அடித்துவிட்டார். நல்ல தமிழில், "சார், ரீஃபண்ட் இப்பவே போட்டுடலாம்" என்று தேனாகப் பேசி, ஒரு செயலியை இறக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது நம் போன் திரையை அவர்களுக்குக் காட்டிக் கொடுக்கிற செயலி. அப்புறம், ரீஃபண்ட் வர யூபிஐ பின் போடுங்கள் என்றதும் அப்பாவுக்குச் சந்தேகம் தட்டி போனை அணைத்துவிட்டார். பணம் நமக்கு வருவதற்கு யூபிஐ பின் நம்பர் போடவே தேவையில்லை, பின் நம்பர் போட்டால் அது நம்மிடமிருந்து போகிற பணம். அந்த ஒரு விஷயம் அப்பாவுக்குத் தெரிந்திருந்ததால் பென்ஷன் பணம் தப்பித்தது. கஸ்டமர் கேர் நம்பரை அந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்திலோ செயலியிலோ மட்டும் எடுங்கள், தேடி வருகிற முதல் நம்பருக்கு அடிக்காதீர்கள்.

அதே வாரம் அம்மாவின் போனுக்கு தபால் துறை பேரில் ஒரு மெசேஜ் வந்தது. உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி முழுசாக இல்லை, 48 மணி நேரத்தில் இந்த லிங்க்கில் திருத்துங்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று. இது பழைய மோசடிதான், மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவே பொய் என்று பலமுறை சொல்லிவிட்டது, ஆனாலும் வந்துகொண்டே இருக்கிறது. லிங்க்கைத் திறந்தால் தபால் துறைத் தளம் மாதிரியே இருக்கும், மறுபடி கொண்டுவரச் சின்னத் தொகை கட்டச் சொல்லி கார்டு நம்பர் கேட்கும். தபால் துறையின் தளம் ஜிஓவி டாட் இன் என்று முடியும், நடுவில் இந்தியாபோஸ்ட் என்று வந்தால் மட்டும் போதாது, முடிவைப் பாருங்கள். உண்மையிலேயே ஸ்பீட் போஸ்ட் வந்திருந்தால் அதற்கு 13 எழுத்துகள் கொண்ட ஓர் எண் இருக்கும், முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் 9 எண்கள், கடைசியில் ஐஎன். அதைத் தளத்தில் போட்டால் எங்கே இருக்கிறது என்று தெரியும். சந்தேகம் என்றால் உங்கள் ஏரியா தபால் ஆபீஸில் கேளுங்கள். எங்கள் தபால்காரர் வருஷக்கணக்காக வருகிறவர், வளவில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்கு மனப்பாடம். அம்மா அந்த மெசேஜைக் காட்டியதும் "தொடாதீங்கக்கா, அழிச்சிருங்க" என்று சொல்லிவிட்டார். அந்த மாதிரி தெரிந்த முகம் ஒன்று இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

போன் போட்டு, "டெலிவரிங்க, வீடு தெரியல, ஆபீஸ்ல பேசுறதுக்கு ஸ்டார் 21 ஸ்டார் போட்டு இந்த நம்பரை அடிங்க" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அடித்துவிட்டால் நமக்கு வருகிற அழைப்புகள் எல்லாம் அவன் நம்பருக்குத் திரும்பிவிடும், வங்கியிலிருந்து வருகிற ஓடிபி அழைப்பும் சேர்த்து. யாராவது அடித்துவிட்டிருந்தால் உடனே ##002# அடியுங்கள், எல்லாத் திருப்பலும் ரத்தாகும். கணக்கிலிருந்து பணமே போயிருந்தால் முதலில் சைபர் குற்றப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடுங்கள், கூடவே வங்கியையும். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, நம் தப்பு இல்லாமல் வெளியாள் எடுத்த பணத்தை 3 வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டம் கிடையாது. ஓடிபியை நாமே சொல்லிவிட்டோம் என்றால், வங்கிக்குத் தெரிவிக்கிற வரைக்கும் போனது நம் தலையில்தான் விழும். அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் அந்த நிமிஷமே கூப்பிடுங்கள்.

கொண்டுவந்து கொடுக்கிற பையனோடு சண்டை போடாதீர்கள். வெயிலில் பார்சலுக்கு இவ்வளவு என்று கூலிக்கு ஓடுகிறவன், உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது. எனக்குக் கோபமெல்லாம் முகவரி இல்லாதவனிடம் சரக்கு வாங்கி, காசையும் வசூலித்துக் கொடுத்துவிட்டு, எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்று சொல்கிற ஆபீஸ் மேல்தான்.

இப்போது எங்கள் வளவில் எல்லா வீட்டிலும் பேசி வைத்திருக்கிறோம். யாராவது கேஷ் ஆன் டெலிவரி போட்டால் என்ன பொருள், எவ்வளவு ரூபாய் என்று வீட்டில் எழுதிவிட்டுத்தான் வெளியே போகணும். எழுதாத பார்சலுக்கு யார் பேர் இருந்தாலும் காசு கொடுப்பதில்லை, ஓடிபியும் சொல்வதில்லை, கேன்சல் பண்ணத்தான் ஓடிபி என்று சொன்னாலும் சரி. கூடுமானவரை முன்கூட்டியே பணம் கட்டியே வாங்குகிறோம், வாசலில் காசு என்கிற பேச்சே வேண்டாம் என்று. கேட்டில் ஆறு வீட்டுக்கும் பொதுவாக ஒரு துருப்பிடித்த தபால் பெட்டி மூடி இல்லாமல் தொங்கும், வங்கி லெட்டரும் எல்ஐசி நோட்டீஸும் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், போகிற வருகிறவர்கள் எடுத்துப் படிக்கலாம். அதற்குப் பூட்டுப் போட்ட பெட்டி வாங்கி மாட்டியாயிற்று. அட்டைப் பெட்டியைக் குப்பையில் போடுமுன் லேபிளைக் கிழித்து விடுகிறோம், பேரும் நம்பரும் அதில்தானே இருக்கிறது.

போன வாரம் அப்பா பேருக்கு ஒன்று வந்தது, 649 ரூபாய், அனுப்பியவர் இடத்தில் அதே எண்டர்பிரைசஸ். அம்மா நோட்டைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்ல யாரும் போடல தம்பி, எடுத்துட்டுப் போயிருப்பா" என்று சொல்ல, அவன் மறுபேச்சில்லாமல் 'வாங்க மறுத்தார்' என்று போனில் பதிந்துவிட்டுப் போய்விட்டான். லேபிளை அம்மா படம் எடுத்து வைத்திருந்தார்கள், அதையும் என் புகாரோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன். உங்கள் வீட்டுக்கும் இப்படி வந்தால் திருப்பி அனுப்புமுன் லேபிளைப் படம் எடுத்து 1915-ல் பதிந்துவிடுங்கள்.