ஆத்துத் தண்ணில இரும்பு பாக்குற டெஸ்ட் கிட், வாங்கலாமா?

நம்ம தென்னாப்பிரிக்கா கெபேஹா (பழைய பேரு போர்ட் எலிசபெத்) ஆளுங்க ஸ்டோம்ஸ் ரிவர் ஆத்துப் பக்கம் போயிருந்தா பாத்திருப்பீங்க, தண்ணி ரூயிபோஸ் டீ மாதிரி செம்பழுப்பு கலர்ல ஓடும், அது அழுக்கு இல்ல, ஃபின்போஸ்ங்கற அந்த ஊர்ப் புதர்ச் செடிங்க மக்கி இறங்குற ஹியூமிக் அமிலம். அந்த மாதிரி தண்ணிக்கும் இந்த கிட் சரிப்படும், ஆனா எங்க வச்சு எப்ப பாக்குறீங்கங்கறதுதான் முக்கியம்.

தண்ணில இரும்பு ஃபெரஸ், ஃபெரிக்னு ரெண்டு வடிவத்துல இருக்கும். இதுல இருக்குற ஃபெனாந்த்ரோலின்ங்கற மருந்து ஃபெரஸ் இரும்போட சேந்தா ஆரஞ்சு சிவப்பாகும், இன்னொரு பவுடர் போட்டா ஃபெரிக்கும் ஃபெரஸா மாறி மொத்த இரும்பும் தெரியும். ரெண்டையும் தனியா பாக்க முடியுறது எனக்கு ரொம்பப் புடிச்சுது, ஏன்னா வெயில் பட்டா மக்கோட ஒட்டியிருக்குற ஃபெரிக் ஃபெரஸா மாறும், ராத்திரி வெயில் இல்லாதப்போ ஆக்சிஜன் அத திருப்பி ஃபெரிக்காக்கிடும். கொலராடோல அமிலத் தண்ணி ஓடுற ஒரு மலை ஓடைல டயான் மெக்நைட்ங்கற விஞ்ஞானியோட டீம் இத அளந்து 1988லயே எழுதிட்டாங்க. அமிலம் கம்மியான தண்ணில ஃபெரஸ் இன்னும் வேகமா ஃபெரிக்கா மாறும், அதனால பாட்டில்ல புடிச்சு வீட்டுக்குக் கொண்டுவந்து பாக்காதீங்க, ஆத்தங்கரையிலயே பாத்துடுங்க.

குறைன்னா கலர் கார்டுதான், தெளிஞ்ச தண்ணிக்குன்னே செஞ்சது, டீ கலர் தண்ணில ஏமாத்தும். மருந்து போடாத அதே தண்ணிய பக்கத்துல வச்சு ஒப்பிடணும், மேனுவல்ல இதப்பத்தி ஒரு வரி கூட இல்ல, இது பெரிய தப்பு. மருந்து கலந்த டியூப வெயில்ல வச்சா ரீடிங் ஏறிட்டே போகும், நிழல்ல பாருங்க.

வீட்டு போர்ஹோல் (ஆழ்துளைக் கிணறு) தண்ணிக்கும் உதவும், இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டினா துணில கறை புடிக்கும். அஞ்சுக்கு நாலு குடுப்பேன்.