ஹட்டனில் விமானப் பணிக்குழுப் பயிற்சிநெறி: படித்து முடித்தவளின் மதிப்பீடு

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இயங்கும் பயிற்சி நிலையத்தில் 2025 ஜூலை முதல் செப்டெம்பர் வரை வார இறுதி நாட்களில் விமானப் பணிக்குழுப் பயிற்சிநெறியைப் பின்பற்றினேன். கட்டணம் 85,000 ரூபாய். அதில் பாதியை அம்மா சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கட்டினார். உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் தங்கைமார் பலர் இந்த நெறியைப் பற்றி என்னிடம் விசாரிப்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். துண்டுப்பிரசுரத்தில் இருந்த “மாதிரி விமான அறை” என்பது நடுவில் வழி விட்டு இரு வரிசையாகப் போடப்பட்ட பன்னிரண்டு பிளாஸ்டிக் கதிரைகளும் ஒரு திரைச்சீலையுமே. உணவு பரிமாறும் தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் சுழலாது. அதை இழுத்துப் பழகிய கைக்கு நல்ல வண்டி கிடைத்தால் தடுமாற்றம்தான் வரும். நீச்சல் பயிற்சிக்கென்று தனியாக வாங்கிய 10,000 ரூபாய்க்கு நாங்கள் தண்ணீரையே காணவில்லை. ஒப்பனைக்கு நான்கு வாரங்கள் ஒதுக்கியவர்கள், விபத்தின்போது ஒரு விமானத்தை 90 விநாடிக்குள் வெறுமையாக்குவது எப்படி என்பதற்கு ஒரே ஒரு காலைப் பொழுதைத்தான் ஒதுக்கினார்கள். ஆங்கில வகுப்பு பரவாயில்லை.

ஆனாலும் இந்த நெறியை வீண் என்று என்னால் எழுத முடியாது. அதற்குக் காரணம் செப்டெம்பர் மாதத்தில், பாடத்திட்டத்தில் இல்லாமலே நடந்த ஒரு வகுப்பு. வளைகுடா விமானங்களில் பல வருடங்கள் பறந்துவிட்டு ஊர் திரும்பிய மிஸ் ஒருவர் அன்று உதட்டுச்சாயப் பெட்டியை மூடி வைத்துவிட்டு, வெண்பலகையில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். பணிக்கு வந்து கையொப்பமிடுதல், பாதுகாப்புக் கலந்துரையாடல், பயணிகளை ஏற்றுதல், கதவு மூடுதல், பறத்தல், இறங்குதல், கடைசிப் பயணியும் வெளியேறுதல் என்று அந்தக் கோட்டில் ஒவ்வொன்றாகக் குறித்த பின், வட அமெரிக்க விமான நிறுவனங்கள் பலவற்றில் மணிக்கணக்குச் சம்பளம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று எங்களைக் கேட்டார். நாங்கள் எல்லோரும் கையொப்பத்தைக் காட்டினோம். அவரோ, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து மீண்டும் கட்டை வைக்கும் வரையான பகுதிக்கு மட்டும் சிவப்பு மை பூசினார்.

அதன் பின்னரே எயார் கனடா கதைக்கு வந்தார். பத்து வருட ஒப்பந்தம் ஒன்று 2025 மார்ச்சில் முடிந்ததும், தரையில் செய்யும் வேலைக்கும் சம்பளம் வேண்டும் என்பதை முதன்மைக் கோரிக்கையாக வைத்து, 10,000-க்கும் மேற்பட்ட பணிக்குழுவினர் ஆகஸ்ட் 16-ஆம் திகதி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஒரு நாள்கூட முடியுமுன் வேலைக்குத் திரும்புமாறு அரசின் தரப்பிலிருந்து உத்தரவு வந்தது. சங்கம் அதற்குப் பணியவில்லை. 19-ஆம் திகதி தற்காலிக உடன்பாடு ஒன்று எட்டப்பட்டது. சேவைக்காலத்தைப் பொறுத்து முதல் வருடத்தில் 8 அல்லது 12 சதவீத உயர்வும், தரை வேலைக்குச் சிறிய விமானமானால் 60 நிமிடம், அகலமான விமானமானால் 70 நிமிடம் என்று கணக்கிட்டு, மணிக்கூலியில் பாதியும் தருவதாக அதில் இருந்தது.

“அப்படியென்றால் அது அரைப்பேர்தானே, மிஸ்?” என்று பொகவந்தலாவையிலிருந்து வரும் தோழி கேட்டாள். வகுப்பே சிரித்தது. பறித்த கொழுந்தின் நிறுவை குறைந்தால் அன்றைய நாளுக்குப் பாதிச் சம்பளம் போடுவதைத் தேயிலைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். மிஸ் சிரிக்கவில்லை. சரியான சொல் என்று சொல்லி, பலகையில் அதையே எழுதினார்.

செப்டெம்பர் 6-ஆம் திகதி முடிந்த வாக்கெடுப்பில் அந்தச் சம்பளப் பகுதியை 99.1 சதவீதத்தினர் நிராகரித்திருந்தார்கள். கனடாவில் பறக்கும் பழைய தோழி ஒருவர் அனுப்பிய குரல்பதிவை மிஸ் எங்களுக்குப் போட்டுக் காட்டினார். அதில் வெற்றிக் களிப்பை விட ஆற்றாமையே அதிகம் கேட்டது. கதவு திறந்திருக்கும்போது ஒரு பயணி மயங்கி விழுந்தாலும் ஓடிப்போய்த் தூக்குவது தான்தானே, அந்த ஓட்டத்துக்கு மட்டும் எப்படிப் பாதி விலை வந்தது என்பதே அவருடைய கேள்வி. நிராகரித்தாலும் மறுபடி வேலைநிறுத்தம் செய்ய முடியாது, சம்பள விடயம் மத்தியஸ்தத்துக்கும் பிறகு நடுத்தீர்ப்புக்கும்தான் போகும் என்பதையும் மிஸ் மறைக்கவில்லை. பிறகு எதற்கு வாக்கு என்று எங்களில் சிலர் கேட்டோம். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது, அம்மா சதவீதத்தைக் கேட்கவில்லை, “ஆளுக்கொரு வாக்கா?” என்றுதான் கேட்டார். கொழுந்து பறித்த இருபத்தேழு வருடங்களிலும் சங்கத்துக்கான சந்தா அவருடைய சம்பளத்தில் மாதந்தோறும் கழிந்திருக்கிறது. ஆனால் 2016-இல் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய் என்று கையெழுத்தானதையும், ஆயிரம் கேட்டுப் போராடிய பின் 2019-இல் அது 700 என்று கையெழுத்தானதையும் அவர் செய்தியில்தான் அறிந்தார். ஒப்பந்தத்தை ஏற்கிறாயா என்று கேட்டு எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு, ஒரு வாக்குச்சீட்டும் வந்ததில்லை. 2021-இல் சம்பள நிர்ணய சபை ஆயிரத்தை வர்த்தமானியில் அறிவித்ததும் தோட்டக் கம்பனிகள் சங்கங்களோடு செய்துவந்த கூட்டு ஒப்பந்தத்தையே விட்டு விலகிக்கொண்டன. அதன் பிறகு 2024-இல் வந்த 1,350 ரூபாயும் வர்த்தமானியில்தான் வந்தது. பேச்சுவார்த்தை மேசையே இல்லாமல் போன பிறகு அதில் இடம் கேட்பது எப்படி என்று நானும் யோசித்திருக்கிறேன்.

இந்த நெறியில் சேர்பவர்களில் பெரும்பாலோர் டுபாயையோ அபுதாபியையோ மனதில் வைத்துத்தான் வருகிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் தொழிற்சங்கத்துக்கு இடமில்லை. எனவே இப்படியொரு வாக்கு அங்கே நமக்கு வராது. அதனால், கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் மாதச் சம்பளம் எவ்வளவு, பறக்கும் மணிக்கு எவ்வளவு, அந்த மணி எப்போது தொடங்குகிறது என்ற மூன்றையும் தேடிப் படிக்க மிஸ் எங்களைப் பழக்கினார். அந்த நிலையத்தில் நான் கொடுத்த பணத்துக்குக் கிடைத்த சரக்கு அதுதான்.

அடுத்த அணிக்கும் அவரே வருவாரா என்று விசாரித்த பின் சேருங்கள். வரமாட்டார் என்றால் ஆங்கில வகுப்பு மட்டும் போதும், அதற்கு ஹட்டனில் குறைந்த கட்டணத்தில் வேறு இடங்கள் உண்டு. நீச்சலுக்கென்று பணம் கேட்டால் குளத்தைக் காட்டச் சொல்லுங்கள். என் 10,000 ரூபாய் இன்னும் திரும்பவில்லை, பற்றுச்சீட்டை வைத்திருக்கிறேன்.