ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு ஆணுறை ஒத்துக்கொள்ளாத கதை

நான் குலசேகரம் பக்கத்து ஆள். பாட்டாவுக்கு ரெண்டு ஏக்கர் ரப்பர் இருந்தது. பள்ளிக்கூட லீவில் சிரட்டைகளிலிருந்து பால் எடுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட் அடிப்பது வரை வெறுங்கையால் செய்திருக்கிறேன். அதனால் 2019இல் கல்யாணமாகி, ஆணுறை பயன்படுத்த ஆரம்பித்து, அரிப்பு வந்தபோது ரப்பர்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அரிப்பு உடனே வராததும் ஒரு காரணம். சனிக்கிழமை இரவு பயன்படுத்தினால் திங்கட்கிழமை ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போது தொடங்கும். முதலில் லேசான சூடு, அப்புறம் பொடிப்பொடியாகச் சிவப்புத் தடிப்பு, புதன்கிழமை தோல் வறண்டு செதிலாக உரியும். உறையின் விளிம்பு வளையம் உட்காருகிற இடத்தில்தான் அதிகம். வெயில், வியர்வை, ஜீன்ஸ் என்று எல்லாவற்றின்மேலும் பழி போட்டேன்.

முதல் வருடம் முழுக்கச் சொந்த வைத்தியம். வாசனை உள்ளதை விட்டு வாசனை இல்லாததுக்கு மாறினேன். ‘நீண்ட நேரம்’ என்று போட்டிருந்த ஒன்றை வாங்கிப் பார்த்தேன். அதற்குள் பென்சோகெய்ன் என்ற மரத்துப்போக வைக்கும் மருந்து தடவியிருப்பார்கள் என்பது அப்போது தெரியாது. அன்று எரிந்த எரிச்சல் தனி ரகம். கிருமிநாசினி கலந்த தண்ணீரில் கழுவியது அதைவிட மோசம். எங்கள் ஊர்க்காரன் எதற்கும் தேங்காய் எண்ணெயைத்தான் தேடுவான், நானும் தேடினேன். லேடெக்ஸ், அதாவது ஆணுறை செய்கிற ரப்பர், எண்ணெய் பட்டால் சில நிமிடங்களிலேயே பலமிழக்கும் என்று பிறகுதான் படித்தேன். உறை கிழியாமல் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம்.

அப்புறம் மெடிக்கல் ஷாப். நான் வாயைத் திறந்து முழுசாகச் சொல்வதற்குள், “புரியுது சார், இதைப் போடுங்க” என்று ஒரு டியூபைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். ரெண்டே நாளில் மாயமாய்ப் போனது. அடுத்த வாரம் திரும்ப வந்தது. திரும்பப் போட்டேன். இப்படி ஏழெட்டு மாதம். வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றாகக் கலந்த களிம்பு அது. கடைசியில் தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்து பளபளக்க ஆரம்பித்தது. வெறும் தண்ணீர் பட்டாலே எரிந்தது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மனைவிக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, எனக்கு மட்டும் இருந்தது. ஒருநாள் ராத்திரி, “என்னங்க, என்கிட்ட சொல்லாத விஷயம் ஏதாவது இருக்கா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாளே தோல் டாக்டரிடம் போனோம், ரெண்டு பேரும்.

டாக்டர் முதலில் களிம்பை வாங்கிப் பார்த்துத் திட்டினார். முன்கைத் தோலோடு ஒப்பிட்டால் விதைப்பைத் தோல் 42 மடங்கு ஸ்டீராய்டை உறிஞ்சும் என்பது 1967லேயே அளந்து எழுதப்பட்ட விஷயமாம். சர்க்கரை, பால்வினை நோய்ப் பரிசோதனைகள் எழுதிக் கொடுத்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. “வாழைப்பழம் சாப்பிட்டா வாய் அரிக்குமா?” என்று கேட்டார். தினமும் ரெண்டு மட்டிப்பழம் சாப்பிடுகிறவன் நான். அப்புறம் அவர் கேட்டதுதான் விசித்திரம்: “செருப்பைக் கழற்றிட்டுக் காலைக் காட்டுங்க.”

என் ரெண்டு காலிலும், ரப்பர் செருப்பின் வார் போகிற வழியிலேயே, கவட்டை வடிவத்தில் தோல் கறுத்துத் தடித்திருந்தது. பல வருடமாக இருக்கிறது. வெயில் கறுப்பு என்றே நினைத்திருந்தேன்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, முதுகில் வரிசையாகப் பல பொருட்களை ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்தார்கள். முதுகு நனையக் கூடாது. ஏப்ரல் மாதத்தில் குளிக்காமல் இருப்பது அரிப்பைவிடக் கொடுமை. 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்த்தார்கள், மேலும் ரெண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தார்கள். தையூரம், கார்பமேட் என்ற ரெண்டு இடத்திலும் சிவந்து தடித்திருந்தது.

நான் தோட்டத்தில் தொட்ட பாலில் இவை கிடையாது. பாலை மெல்லிய, உறுதியான உறையாக்க கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். அந்த வேலையைத் துரிதப்படுத்தச் சேர்க்கும் ரசாயனங்கள் இவை. எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் தங்கிவிடும். செருப்பிலும் இதே குடும்பம்தான். இந்த வகை ஒவ்வாமை ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும். ரப்பர் பாலின் புரதமே ஒத்துக்கொள்ளாதவர்கள் வேறு வகை. அவர்களுக்குச் சில நிமிடங்களில் வீங்கும், சிலருக்கு மூச்சுத் திணறலே வரும். அது நேராக அவசரச் சிகிச்சைக்கு ஓடவேண்டிய விஷயம். அவர்களில் சிலருக்கு வாழைப்பழமும் ஒத்துக்கொள்ளாது, டாக்டரின் வாழைப்பழக் கேள்வி அதற்காகக் கேட்டதுதான்.

தோல் பழைய நிலைக்கு வர நாலு மாதமானது. வெறும் தண்ணீர், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், பருத்தி உள்ளாடை, வேறொன்றும் இல்லை. அதன்பின் பாலிஐசோப்ரீன் வாங்கினோம். புரதம் இல்லாத செயற்கை ரப்பர், மிருதுவானது, லேடெக்ஸைவிட விலை அதிகம். மூன்றாவது தடவை, ரெண்டு நாள் கழித்து, லேசாக அரித்தது. செயற்கை என்றாலும் அதையும் பதப்படுத்தித்தான் ஆகவேண்டும். சில தயாரிப்புகளில் இந்த ரசாயனங்கள் இல்லையாம், ஆனால் நான் வாங்கிய அட்டையில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை.

கடைசியில் பாலியூரித்தேன். ரப்பரே இல்லை, ஒருவகைப் பிளாஸ்டிக். ரெண்டு வருடமாக இதுதான், ஒரு தடவைகூட அரிக்கவில்லை. வாசனை இல்லை, எண்ணெயும் இதைக் கெடுக்காது. ஆனால் லேடெக்ஸ் மாதிரி இழுபடாது, அளவு பார்த்து வாங்க வேண்டும், நழுவவும் கிழியவும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். எங்களுக்கு ஒருமுறை கிழிந்தது. மறுநாள் காலையிலேயே அவசரக் கருத்தடை மாத்திரை வாங்கினோம். பாலிதீன் கவர் மாதிரி சரசரவென்று சத்தம் வேறு. மனைவிக்கு முதல் மாதம் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை, ஆன்லைனில்தான் வாங்குகிறோம்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் கை முழுக்கப் பால், ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது வாசலில் கிடந்த யாருடைய ரப்பர் செருப்பையோ மாட்டிக்கொண்டு கடைக்குப் போய், பேச்சு வளர்ந்து, சாயங்காலம்தான் வந்தேன். மூன்றாம் நாள் கால் அரித்தது.