பெரிய புல்தரையில் பாசி: அன்னபேதியா, இயந்திரமா, அப்படியே விடுவதா?

இங்கிலாந்தில் பிப்ரவரி முடியும்போது பல தோட்டங்களில் புல்லைவிடப் பாசிதான் செழிப்பாக இருக்கும். சிறிய முற்றம் என்றால் கைவாரியே போதும். அரை ஏக்கர், அதாவது சுமார் 2,000 சதுர மீட்டர் என்றால் கணக்கே வேறு.

மிக மலிவான வழி அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட். நீரில் கரைத்துத் தெளித்தால் சில நாட்களில் பாசி கறுத்துவிடும், புல் கரும்பச்சையாகும். இவ்வளவு பரப்பையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். ஆனால் நடைபாதைக் கல்லில் தெறித்தால் துருக்கறை பிடிக்கும், எளிதில் போகாது. பாசி வந்த காரணத்தையும் இது தொடுவதில்லை. அடுத்த குளிர்காலத்தில் மீண்டும் வரும்.

கீறி வாரும் இயந்திரம் உழைப்பு மிகுந்தது. அரை ஏக்கரிலிருந்து மலைபோல் குப்பை வரும். அதை எங்கே கொட்டுவது என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். பாசி உயிரோடு இருக்கும்போது கீறினால் சிதறும் துண்டுகளே புதிதாக முளைக்கும். எனவே முதலில் அன்னபேதி, கறுத்த பிறகே இயந்திரம். செப்டம்பர்தான் ஏற்ற காலம்: மண்ணில் வெப்பம் இருக்கும், வெற்றிடங்களில் விதைத்த புல் குளிருக்கு முன் வேர்பிடிக்கும்.

சுண்ணாம்பைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். மண் பரிசோதனையில் அமிலத்தன்மை மிக அதிகம் என்று தெரிந்தாலன்றி வேண்டாம். சுண்ணாம்பு மண்ணிலும் பாசி நன்றாகவே வளரும்.

என் பணம் என்றால் பெரும்பகுதியை மண்ணில் துளையிடுவதற்கே செலவிடுவேன். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. இலை வழியாகவே நீரை உறிஞ்சும். இறுகிய களிமண் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மூச்சுத் திணறுவது புல்லின் வேர்தான். உள்ளீடற்ற முனைகளால் மண்ணைக் குழல் குழலாக எடுத்து, துளைகளில் மணல் நிரப்பினால் நீர் வடியும், வேர் இறங்கும். வெட்டும் உயரத்தை 4 சென்டிமீட்டருக்கு உயர்த்துவதற்குச் செலவே இல்லை. ஒட்ட வெட்டி நலிந்த புல்லுக்கிடையில்தான் பாசி புகுகிறது. பலன் தெரிய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். பொறுத்திருப்பதில் தவறில்லை.

பீச் (beech) மரத்தடி, வடக்கு நோக்கிய சுவரோரம் போன்ற நிழலான இடங்களில் மட்டும் போராடாதீர்கள். அங்கே எத்தனை முறை விதைத்தாலும் புல் நிலைக்காது. பாசியை அப்படியே விட்டுவிடுங்கள், அதுவும் அழகுதான். ஜப்பானில் கியோட்டோ நகரின் சைஹோஜி கோயில் தோட்டத்தில் சுமார் 120 வகைப் பாசிகளைப் பேணி வளர்க்கிறார்கள். மரத்தடிப் பாசிக்கு நீங்கள் செய்ய வேண்டியது, இலையுதிர் காலச் சருகை மென்மையான துடைப்பத்தால் அகற்றுவது மட்டுமே.