ஹீட்டிங் குழாய்களுக்குள் ஊற்றிய தண்ணீர்: ஐந்து குளிர்காலங்களுக்குப் பிறகு

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் அருகே உள்ள எங்கள் வீட்டில் 2019 அக்டோபரில் அறைகளைச் சூடாக்கும் பழைய பாய்லரை அகற்றிவிட்டு, அலுமினிய வெப்பமாற்றி (எரிவாயுவின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் பாகம்) கொண்ட புதிய எரிவாயு பாய்லரைப் பொருத்தினோம். கீழ்த்தளத்தில் தரைக்கடியில் ஓடும் குழாய்களும் மாடியில் சுவரோரம் நின்று அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுமாகச் சேர்த்து, சுமார் 240 லிட்டர் தண்ணீர் இந்த வலையமைப்பில் சுற்றி வருகிறது. குளிக்கும் வெந்நீருக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒருமுறை நிரப்பிய அதே தண்ணீர்தான் ஆண்டுக்கணக்கில் சூடாகி, ஆறி, மீண்டும் சூடாகிறது. ஆகவே முதல் நாளன்று எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம் என்பது, பாய்லர் எந்த நிறுவனத்துடையது என்பதைவிட முக்கியம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பகுதி சுண்ணாம்புக்கல் பூமி. எங்கள் குழாய்த் தண்ணீரின் கடினத்தன்மை 22 ஜெர்மன் டிகிரி. 14 டிகிரிக்கு மேற்பட்டாலே இங்கே அதைக் கடின நீர் என்பார்கள். ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம் என்பதால், அவ்வளவும் படிந்தால் 240 லிட்டரில் 94 கிராம் சுண்ணாம்பு சேரும். கேட்பதற்குச் சொற்பமாகத் தோன்றினாலும், அது எல்லாக் குழாய்களிலும் பரவலாகப் படியாமல், மிகவும் சூடாக இருக்கும் வெப்பமாற்றியின் குறுகிய வழிகளைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்வதுதான் சிக்கல்.

இதெல்லாம் தெரிந்தும் நான் தவறினேன். ஊரில் நாம் சோப்பு நுரைக்காத தண்ணீரையும் கரிக்கும் தண்ணீரையும் ‘உப்புத்தண்ணீர்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். வீட்டில் ஏற்கெனவே இருந்த மென்னீராக்கும் கருவி அந்த ‘உப்பை’ எடுத்துவிடும் என்று நம்பி, வேலைக்கு வந்தவரும் மறுக்காததால், அதன் வழியாகவே நிரப்பினோம். உண்மையில் அந்தக் கருவி கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. கடினத்தன்மை போகிறது, உப்பு போவதில்லை. தண்ணீரில் தங்கிவிடும் சோடியம் பைகார்பனேட் சூட்டில் கார்பன் டைஆக்சைடை இழந்து சோடியம் கார்பனேட்டாக மாறும்போது, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பு மேலே ஏறுகிறது. 2020 செப்டம்பர் பராமரிப்பின்போது அளந்தால் 9.4. அலுமினியம் உள்ள அமைப்புகளுக்கு, ஜெர்மன் பொறியாளர் சங்கத்தின் வி.டி.ஐ. 2035 வழிகாட்டுதல் 8.2 முதல் 9.0 வரை இருக்க வேண்டும் என்கிறது. அதைத் தாண்டிய காரத்தன்மை அலுமினியத்தை அரிக்கும்; நல்ல வேளையாக, துளை விழும் முன்பே தெரிந்தது.

மொத்தத் தண்ணீரையும் வடித்தோம். வாளியில் விழுந்தது மை போலக் கறுத்திருந்தது. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை உள்ளே விட்டு எடுத்தபோது, அதைச் சுற்றிக் கறுப்பு மயிர் போல மேக்னடைட் எனும் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் சிலிர்த்து நின்றன. பழைய ரேடியேட்டர்களின் இரும்பு அது. குழாய்த் தண்ணீரைக் கொண்டே, தெளிவாக வரும்வரை ஒவ்வொரு கிளையாகக் கழுவிய பிறகுதான் நிரப்பத் தொடங்கினோம். சேற்றின் மேல் சுத்தமான தண்ணீரை ஊற்றுவதில் பயனில்லை.

இம்முறை எல்லா உப்புகளையும் நீக்கும் கலப்பு ரெசின் உருளையை வாடகைக்கு எடுத்தோம். குழாயில் எங்களுக்கு 800 மைக்ரோசீமென்ஸுக்கு மேல் இருந்த கடத்துத்திறன் (தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதைக் காட்டும் அளவு), உருளையின் மறுபக்கம் 10க்குக் கீழே வந்தது. கடைசி 40 லிட்டர் இருக்கும்போது அது 30, 50 என்று ஏறத் தொடங்கவே, ரெசின் தீர்ந்ததை உணர்ந்து அங்கேயே நிறுத்தி வேறு உருளையை மாட்டினோம். மீட்டரைப் பார்த்துக்கொண்டே நிரப்ப வேண்டும்; மூன்று மணி நேரம் நிலவறையில் நின்றதற்கு அதுதான் காரணம். குடிநீர்க் குழாயுடன் இணைக்கும் இடத்தில், ஹீட்டிங் தண்ணீர் பின்னோக்கிச் செல்லாதபடி தடுக்கும் பிரிப்பான் கட்டாயம்.

உப்பு நீக்கிய தண்ணீரின் பி.எச். மதிப்பை நிரப்பிய அன்றே அளந்து கவலைப்படத் தேவையில்லை. பி.எச். மாறாமல் தாங்கிப் பிடிக்கும் உப்புகள் அதில் இல்லாததால் காட்டும் எண் அலைபாயும். காகிதப் பட்டையும் இதற்கு நம்பத்தக்கதல்ல. எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களில் அது தானாகவே காரத்தன்மை பெறுகிறது. எங்களுக்கு நிரப்பிய அன்று 6.8 இருந்தது, டிசம்பரில் 8.4 ஆயிற்று.

அதன்பின் ஐந்து குளிர்காலங்கள். இந்த வசந்தத்தில் எடுத்த மாதிரி, கண்ணாடிக் குவளையில் இலேசான மஞ்சள் சாயலுடன் தெளிந்திருந்தது. கடத்துத்திறன் 70, பி.எச். 8.6. எரிவாயுச் செலவு குறைந்ததா என்று கேட்பவர்களிடம், தண்ணீரால் குறைந்தது என்று என்னால் சொல்ல முடியாது. அதே காலத்தில் சன்னல்களையும் மாற்றினோம். முதல் ஆண்டில் பாய்லருக்குள் கேட்ட கொதிக்கும் சத்தம் மட்டும் திரும்பவில்லை. குறையென்றால், தொடக்கத்தில் இரு வாரங்கள் காற்று வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மேலும் 2023இல் அழுத்தம் அடிக்கடி இறங்கியபோது, தண்ணீரைச் சேர்த்துக்கொண்டே போகாமல் சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் விரிவுத் தொட்டியைச் சோதித்தோம். அதன் காற்றழுத்தம் குறைந்திருந்தது. ஒவ்வொரு முறை புதுத் தண்ணீர் சேர்க்கும்போதும் ஆக்சிஜனும் உள்ளே போகிறது, இரும்பு அதற்குப் பலியாகிறது. இப்போது ஆண்டுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் தேவைப்படுவதில்லை. அதையும் சிறிய ரெசின் உருளை வழியாகவே விட்டு, தேதியையும் அளவையும் பாய்லரின் அருகே தொங்கும் நோட்டில் எழுதி வைக்கிறேன்.