நுடாட்: ஐசோடோப்புத் தரவுக்கு நம்பிப் போகக்கூடிய இடம்

நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் இயங்கும் தேசிய அணுக்கருத் தரவு மையம் கட்டணமின்றி வழங்கும் நுடாட் (NuDat) என்ற இணையவழி அணுக்கருத் தரவுச் சேவையை, கதிரியக்கம் பற்றிப் பாடம் நடத்தும் எவரும் தயங்காமல் பயன்படுத்தலாம். சீசியம்-137ஐத் தேடினால் அதன் அரை ஆயுள் (கருக்களில் பாதி சிதைய ஆகும் காலம்) 30.08 ஆண்டு என்றும், அதையடுத்துச் சாய்வெழுத்தில் 9 என்றும் வருகிறது. அந்த 9 மதிப்பின் கடைசி இலக்கத்துக்கு உரியது; அதாவது ±0.09 ஆண்டு என்ற ஐயப்பாட்டின் சுருக்கம். இந்த மரபை அறியாத மாணவர் முதல் நாளிலேயே தடுமாறுவார். சீசியத்தின் பெயரில் நாம் சொல்லிப் பழகிய 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமாக் கதிரை உண்மையில் வெளியிடுவது, 2.55 நிமிட அரை ஆயுள் கொண்ட சேய்க்கருவான (சீசியம் சிதைந்து உருவாகும் கரு) பேரியம்-137எம் என்ற கிளர்வுநிலைக் கரு என்பதும் இங்கே விளங்கிவிடுகிறது.

இதன் நம்பகத்தன்மைக்குக் காரணம், ஃபிசிக்கல் ரிவியூ சி போன்ற இதழ்களில் வெளியாகும் அளவீடுகளை வல்லுநர்கள் ஒப்பிட்டு மதிப்பிட்டு, நியூக்ளியர் டேட்டா ஷீட்ஸ் இதழில் வெளியிடும் முறைதான். அந்த மதிப்பீடு மெதுவாகவே நடப்பதால், அண்மைய அளவீடு தேவைப்படுவோர் அதே மையத்தின் ஆய்வுக்கட்டுரை அடைவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.